கரைக்க வேண்டிய செம்பு எவ்வளவு?

கேள்வி: செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதிரிக் கோட்டை ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைக்கும் ஒவ்வொரு பொத்தான். அழுத்தினால் அந்த மலையில் விளக்கு எரிய வேண்டும். ஒயரை முறுக்கி டேப் சுற்றிச் செய்தால், பார்வையாளர் வரும் நேரத்தில் ஏதாவது ஒன்று கழன்றுகொள்கிறது. சர்க்யூட் போர்டை நாங்களே செய்ய முடியுமா? சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கிவரப் பள்ளியில் பணம் இல்லை. மளிகைக் கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலும் கிடைப்பதை வைத்துச் செய்ய வழி சொல்லுங்கள்.
– அறிவியல் ஆசிரியை, செஞ்சி

பதில்: செய்யலாம் டீச்சர். மளிகைக் கடையில் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு. அது செம்புத் தகடு ஒட்டிய அட்டை. கடையில் ‘காப்பர் கிளாட்’ என்று கேளுங்கள். டிவி, ரேடியோ உதிரிபாகம் விற்கும் கடைகளில் கிடைக்கும். விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ யாராவது போகும்போது சொல்லிவிட்டால் போதும். அதில் இரண்டு வகை உண்டு. பழுப்பு நிறத்தில் இருப்பது காகிதத்தில் ஃபீனாலிக் பிசின் ஏற்றியது. விலை குறைவு, கத்தரிக்கவும் துளையிடவும் எளிது. வெளிறிய பச்சை நிறத்தில் இருப்பது கண்ணாடி இழையும் எப்பாக்சியும் சேர்ந்தது. உறுதி அதிகம், ஆனால் அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகளுக்குப் பழுப்பு அட்டையே சரி. ஒருபக்கம் மட்டும் செம்பு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

போர்டு செய்வது என்றாலே அமிலத்தில் ஊறவைப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அட்டையின் மேல் இருக்கும் செம்பு சாதாரணமாக 35 மைக்ரான் கனம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். இவ்வளவு மெல்லிய படலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். மூன்று விளக்குக்கான போர்டுக்கு அதை ரம்பத் தகடே செய்துவிடும். எந்த வேலையானாலும் நான் முதலில் பார்ப்பது, இதில் எவ்வளவு செம்பைக் கரைத்தே தீர வேண்டும் என்பதைத்தான். உங்கள் கோட்டைக்குத் துளியும் கரைக்க வேண்டாம்.

உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, இரும்பு ஸ்கேலை வைத்து, செம்பின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மூன்று கிடைக்கோடுகள் கீறுங்கள். அடியிலுள்ள பழுப்பு நிறம் தெரியும்வரை கீற வேண்டும். இப்போது நான்கு பட்டைகள் கிடைத்திருக்கும். நடுவில் இருக்கும் இரண்டு பட்டைகளுக்குக் குறுக்கே மட்டும் இரண்டு குத்துக்கோடுகள் கீறினால், மேலே ஒரு நீளப் பட்டை, கீழே ஒரு நீளப் பட்டை, நடுவில் இரண்டு வரிசையில் மும்மூன்று கட்டங்கள் என எட்டுச் செம்புத் தீவுகள் ஆகிவிடும்.

மேல் பட்டைக்கு 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ், கீழ்ப் பட்டைக்கு மைனஸ். மேல் பட்டையிலிருந்து முதல் வரிசைக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தானைப் பாலமாகப் பற்றவையுங்கள். முதல் வரிசையிலிருந்து நேர்கீழே இருக்கும் கட்டத்துக்கு 680 ஓம் ரெசிஸ்டர். அந்தக் கட்டத்தில் எல்இடியின் நீளக் கால், கீழ்ப் பட்டையில் அதன் குட்டைக் கால். விளக்கு மலை உச்சியில் இருக்க வேண்டுமானால் காலுக்குப் பதில் ஒயரை இறக்கிக்கொள்ளலாம். 680 ஓம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். சிவப்பு எல்இடி தனக்கென 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட். 10 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமென்றால் 700 ஓம் தேவை. கடையில் கிடைக்கும் பக்கத்து மதிப்பு 680.

பாகங்கள் எல்லாம் செம்பின் மேலேயே உட்காருவதால் துளை போடும் வேலை இல்லை. பேட்டரியை இணைக்கும் முன் மல்டிமீட்டரின் ‘பீப்’ ஒலியை வைத்து, பக்கத்துப் பக்கத்துத் தீவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கீறலில் சிக்கிய செம்புத் துகள் ஒன்று போதும், இரண்டையும் சேர்த்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். பற்றவைக்கும் பொறுப்பை மட்டும் நீங்களோ பெரிய வகுப்புப் பிள்ளைகளோ எடுத்துக்கொள்ளுங்கள். சோல்டரிங் அயர்னின் முனை 300 டிகிரியைத் தாண்டும். சாதாரண சோல்டரில் காரீயம் கலந்திருப்பதால் வேலை முடிந்ததும் எல்லாரும் கை கழுவ வேண்டும்.

•

கேள்வி: பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். 555 டைமர் சர்க்யூட்டுக்கு வீட்டிலேயே போர்டு செய்து பார்க்கிறேன். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அயர்ன் பாக்ஸால் தேய்த்தால் பாதிக் கோடுகள் செம்பில் ஒட்டுவதில்லை. ஃபெரிக் குளோரைடும் ஊரில் கிடைக்கவில்லை. வேறு எதில் கரைக்கலாம்?
– டிப்ளமோ மாணவர், செஞ்சி அருகே

பதில்: தம்பி, கோடு ஒட்டாததற்குப் பெரும்பாலும் தாளும் காரணமில்லை, அயர்ன் பாக்ஸும் காரணமில்லை. செம்பு அழுக்காக இருக்கிறது. கண்ணுக்குப் பளபளவென்று தெரியும் செம்பிலும் விரல் எண்ணெய் இருக்கும், காற்றுப் பட்டுக் கறுத்த படலம் இருக்கும். அம்மா செப்புக் குடத்தைத் துலக்குவதைப் பார்த்திருப்பாய். புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேய்த்தால் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பை அரித்தெடுத்துவிடும். அதையே செய். பிறகு சபீனாவும் ஸ்க்ரப்பரும் போட்டுத் தேய்த்து எண்ணெயைப் போக்கு. நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு அட்டையைச் சாய்த்துப் பிடி. தண்ணீர் முழுப்பரப்பிலும் ஒரே படலமாக நின்றால் சுத்தம். முத்து முத்தாகப் பிரிந்து ஓடினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டும். அதன் பிறகு செம்பில் விரல் படக் கூடாது, ஓரத்தை மட்டும் பிடி. மற்றவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். இதில் முடியாது.

அடுத்து தாள். லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸிலும் படிவது மை அல்ல, நுண்ணிய பிளாஸ்டிக் தூள். சூடு பட்டால் உருகிச் செம்பில் ஒட்டும், பிளாஸ்டிக் என்பதால் அதன் அடியில் உள்ள செம்பைக் கரைசல் தொடாது. இங்க்ஜெட் பிரிண்ட் இதற்கு உதவாது. சாதாரண ஏ4 தாள் தூளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பளபளப்பான மெல்லிய தாள்தான் விட்டுக்கொடுக்கும், அதன் மேல் களிமண் பூச்சு இருக்கிறது. ஆடித் தள்ளுபடிக்குத் துணிக்கடைக்காரர்கள் வீட்டுக்கு வீடு போடும் வழவழ நோட்டீஸ் நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் உறை ஒட்டிய தாளை மட்டும் பிரிண்டருக்குள் விடாதே, உள்ளே உருகிச் சுற்றிக்கொள்ளும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, கறுப்பை எவ்வளவு அடர்த்தியாக முடியுமோ அவ்வளவு வைக்கச் சொல்.

அயர்ன் பாக்ஸைக் காட்டன் சூட்டில் வைத்து, நீராவி இல்லாமல், 3 முதல் 5 நிமிடம் அழுத்து. அழுத்த வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் கோடு தேய்ந்து கலங்கும். ஓரங்களில் பெட்டியின் முனையால் தனியே அழுத்து. ஆறியதும் தண்ணீரில் 15 நிமிடம் ஊறப்போட்டு, தாளைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடு. உரிக்க அவசரப்படாதே. விட்டுப்போன இடங்களை அழியா மார்க்கரால் இரண்டு முறை பூசு, நகப் பாலிஷும் நன்றாகத் தாங்கும். படம் திரும்பும் குழப்பத்தில் நிறையப் பேர் மாட்டுவார்கள். பாகங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படத்தை அப்படியே பிரிண்ட் எடு, செம்பில் கவிழ்த்து ஒட்டும்போது அது தானாகவே சரியான திசைக்குத் திரும்பிவிடும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஓர் எழுத்தைப் போட்டு வை. 555-இன் கால்கள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பவை, நம் கணக்கு நோட்டின் மில்லிமீட்டர் கட்டத்தில் அவை உட்காரா. கிகேட் என்ற இலவச மென்பொருளில் வரைந்து, அசல் அளவிலேயே பிரிண்ட் எடுத்து, ஐசியைத் தாளின் மேல் வைத்துப் பார்த்துவிடு.

இப்போது கரைசல். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தனியாகச் செம்பைக் கரைக்காது. செம்பு அமிலத்துக்கு எளிதில் மசியாத உலோகம். முதலில் அதை ஆக்சிஜனேற்றம் செய்ய ஒன்று வேண்டும், பிறகுதான் அமிலத்துக்கு வேலை. மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த வேலையைச் செய்யும். பெரும்பாலும் 6 சதவீதக் கரைசலாகத்தான் கிடைக்கும், லேபிளில் பார். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும். அதில் 100 மில்லி, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் 30 கிராம், சமையல் உப்பு 5 கிராம். மூன்றும் நன்றாகக் கரைந்ததும் அட்டையை உள்ளே வை. இந்த அளவு சுமார் 100 சதுர சென்டிமீட்டர் செம்பைக் கரைக்கப் போதும். உப்பைக் குறைத்துவிடாதே. கரைந்த செம்பு மேற்பரப்பிலேயே படிந்து நிற்காமல் கரைசலுக்குள் போவதற்குக் குளோரைடு உதவுகிறது. பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், ஸ்வீட் கடை டப்பா சரியாக இருக்கும். அலுமினியமும் எவர்சில்வரும் கூடாது.

டப்பாவை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். கரைசல் நீலப்பச்சையாக மாறும், குமிழி வரும். எலுமிச்சை உப்புக்குப் பதில் வினிகரும் ஊற்றலாம், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். பெராக்சைடு நாள்பட்டால் வெறும் தண்ணீராகிவிடும், வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம். அதனால் புதுப் புட்டியாக வாங்கி நிழலில் வை. கலந்த கரைசலை மூடி போட்டு எடுத்துவைக்கவே கூடாது. உள்ளே ஆக்சிஜன் சேர்ந்து புட்டி வெடிக்கும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொள், ஜன்னலைத் திறந்து வை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை இதில் ஊற்றினால் வேகம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். கூடும்தான், ஆனால் கிளம்பும் புகை வீட்டுக்குள் சுவாசிக்கத் தக்கதல்ல. பிளீச்சிங் பவுடரைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதே. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

ஃபெரிக் குளோரைடு கிடைத்தால் அதுவும் நல்லதுதான். ஒரே கரைசல் பல போர்டுகளுக்கு வரும், புகையில்லை. தூளைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, ரொம்பச் சூடேறும். 40 டிகிரி வாக்கில் இருந்தால் வேகமாக வேலை செய்யும். செஞ்சிப் பாறைகள் தகிக்கும் சித்திரை வெயிலில் டப்பாவை அரை மணி வைத்தாலே அந்தச் சூடு வந்துவிடும், அடுப்பில் வைக்கவே தேவையில்லை. துணியில் பட்டால் கறை போகாது.

கடைசியாக ஒன்று, இதுதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. போர்டை வரையும்போது கோடுகளை மட்டும் விட்டு மீதிச் செம்பையெல்லாம் கரைக்காதே. கோடுகளைச் சுற்றி அரை மில்லிமீட்டருக்குக் கூடுதலாக இடைவெளி விட்டு, மற்ற இடத்தையெல்லாம் செம்பாகவே நிரப்பி மைனஸோடு இணைத்துவிடு. மென்பொருளில் அதற்குத் தனி வசதி இருக்கிறது. கரைசல் குறைவாகச் செலவாகும், நேரம் குறையும், பிறகு நீ அப்புறப்படுத்தவேண்டிய செம்பும் குறையும். கோடு 1 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் வீட்டு முறையில் தைரியமாக நிற்கும். 35 மைக்ரான் செம்பில் அது ஓர் ஆம்பியரைச் சுலபமாகத் தாங்கும்.

துளைக்கு ஐசி கால்களுக்கு 0.8, ரெசிஸ்டர், டையோடு கால்களுக்கு 1 மில்லிமீட்டர் டிரில் பிட். கோடுகளின் மேல் ஒட்டியிருக்கும் பிரிண்ட் தூளைத் தின்னராலோ நகப் பாலிஷ் நீக்கியாலோ துடைத்துவிட்டு, செம்பு மறுபடி கறுப்பதற்குள் ரோசினை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு பூச்சுப் பூசு. தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் போடுவதைப் பார்த்துவிட்டு அதையே போர்டுக்கும் போடுகிறவர்கள் உண்டு. பாத்திரத்தைப் பிறகு கழுவிவிடுவார்கள், போர்டில் அது ஒளிந்திருந்து மாதக்கணக்கில் செம்பை அரிக்கும்.

•

கேள்வி: என் மகன் சமையலறையில் இந்தக் கரைசல் வேலையைச் செய்கிறான். முடிந்ததும் அந்தப் பச்சைத் தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றுகிறான். எலுமிச்சை உப்பும் சாதா உப்பும்தானே, ஒன்றும் ஆகாது என்கிறான். உண்மையா?
– ஒரு தாய், திண்டிவனம் சாலை, செஞ்சி

பதில்: இல்லை அம்மா. உள்ளே போகும்போது எலுமிச்சை உப்பு, வெளியே வரும்போது அது செம்பு உப்பு. பச்சை நிறம் அதுதான். முதல் விஷயம், சமையலறையில் வேண்டாம். இதற்கென்று ஒதுக்கிய டப்பாவையும் கரண்டியையும் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

சிங்க்கில் ஊற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அட்டையில் உள்ள செம்பு முழுவதும் கரைந்தால் சுமார் 3 கிராம். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் குடிநீருக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 10500, ஒரு லிட்டர் தண்ணீரில் ஏற்கத்தக்க செம்பின் அளவாக 0.05 மில்லிகிராமையே சொல்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 மில்லிகிராம் வரை விடுகிறது. முதல் கணக்கில் பார்த்தால், ஒரு போர்டின் செம்பு 60,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைவரை கொண்டுபோய்விடும். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஐந்து லோடு. மீன்களும் நத்தைகளும் நம்மைவிடச் சீக்கிரம் பாதிக்கப்படும். குளத்துப் பாசியையும் நத்தையையும் ஒழிக்க மயில்துத்தம் போடுகிறார்களே, அதுவும் செம்பு உப்புதான். நம் சுற்றுவட்டாரத்தில் சாக்கடை போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஏதோ ஓர் ஏரியோ குட்டையோதான், அதன் கரையில்தான் கிணறும் இருக்கிறது.

செய்ய வேண்டியது இது. வேலை முடிந்த கரைசலை, மூடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு நாள் வையுங்கள், மிச்சமுள்ள பெராக்சைடு அடங்கும். பிறகு அதில் இரும்பு நாரையோ துருவில்லாத ஆணிகளையோ போடுங்கள். செம்பைவிட இரும்பு எளிதில் கரையக்கூடியது. இரும்பு கரைசலுக்குள் போகும், செம்பு சிவப்புத் தூளாக வெளியே வந்து ஆணிமேல் படியும். நிறம் மாறியபின் பளபளப்பான ஒரு புது ஆணியை அரை மணி நேரம் உள்ளே விட்டுப் பாருங்கள். சிவப்புப் படியவில்லை என்றால் செம்பு அநேகமாக வெளியேறிவிட்டது. வடிகட்டிய தண்ணீரில் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரை நின்றதும் நிறையத் தண்ணீரோடு கழிவறையில் ஊற்றலாம். சிவப்புத் தூளை உலர்த்தி ஒரு டப்பியில் சேர்த்து வையுங்கள்.

இரும்பெல்லாம் எதற்கு, சலவைச் சோடா மட்டும் போட்டாலே செம்பு வண்டலாகப் படிந்துவிடும் என்று சில இடங்களில் எழுதியிருப்பதை உங்கள் மகன் படித்திருப்பான். ஃபெரிக் குளோரைடு கரைசலுக்கு அது பொருந்தும். இரும்பும் செம்பும் சேர்ந்து பழுப்பு வண்டலாக இறங்கும், வடிகட்டி உலர்த்தி, சிமெண்டில் குழைத்து இறுகவிட்டுப் பத்திரப்படுத்தலாம். சிட்ரிக் அமிலக் கரைசலுக்கு அது பொருந்தவே பொருந்தாது. சிட்ரேட் செம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சோடா போட்ட பிறகும் கீழே இறங்கவிடாது. ஆய்வகத்தில் சர்க்கரையைக் கண்டறிய வைத்திருக்கும் நீல நிற பெனடிக்ட் கரைசல் இந்தக் குணத்தை நம்பித்தான் செய்யப்படுகிறது. அதில் இருப்பவை செம்பு, சிட்ரேட், சலவைச் சோடா மூன்றும்தான். சோடாவை மட்டும் போட்டுவிட்டுத் தெளிந்தது என்று ஊற்றினால், செம்பு முழுவதும் தண்ணீரோடு போகிறது என்று அர்த்தம். இரும்புதான் முதலில்.

மகனைத் தடுக்க வேண்டாம் அம்மா. பின்கட்டில் ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுங்கள். சுத்தம் செய்யும் வேலையையும் அவனே முடித்தால்தான் அடுத்த போர்டு என்று சொல்லுங்கள்.

•

கேள்வி: நான் அச்சகத்தில் கம்பாசிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்டால் அந்தக் காலத்தில் படத்துக்கு பிளாக் செய்ததுபோலவே இருக்கிறதே?
– ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளர், செஞ்சி

பதில்: அதேதான் ஐயா. துத்தநாகத் தகட்டில் படத்தின் கோடுகளை மறைப்பால் காத்து, மற்ற இடத்தை நைட்ரிக் அமிலத்தில் அரிக்கவிட்டுச் செய்தது பிளாக். தமிழ்ப் பத்திரிகைகளின் படங்கள் பல காலம் அப்படித்தான் அச்சேறின. மின்சுற்றை அச்சடிக்கலாம் என்று 1936-இல் வானொலிப் பெட்டிக்குச் செய்து காட்டிய பால் ஐஸ்லர் வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்த பொறியாளர். பின்னர் அவருக்குக் கைகொடுத்ததும் இசைக் குறிப்புத் தாள்கள் அச்சிட்ட ஒரு லண்டன் அச்சகம்தான். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுக்குள் வைக்கும் மின்னணு ஃபியூஸுக்கு அச்சிட்ட சுற்றுகள் தேவைப்பட்டபோதுதான் பெரிய அளவில் தயாரிப்பு தொடங்கியது.

உங்கள் தொழில் தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு வேலையும் இருக்கிறது. பத்து, இருபது போர்டு ஒரே மாதிரி வேண்டுமென்றால் அயர்ன் பாக்ஸ் முறை அலுத்துவிடும். கட்டைப் பையில் கடைப் பெயர் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டமே அதற்குப் போதும். எனாமல் மையைச் செம்பின் மேல் அடித்து உலர்த்திக் கரைசலில் போடலாம். நம் நாட்டின் சிறு சர்க்யூட் போர்டு பட்டறைகள் பலவும் அப்படித்தான் வேலை செய்துவந்தன. மேலே எழுதியிருக்கும் டீச்சரின் பள்ளியைப் போல இன்னும் நாலு பள்ளிகள் சேர்ந்து கேட்டால், ஊரிலிருக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையிலேயே அடித்துவிடலாம். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் அந்த வேலை இன்னும் நேர்த்தியாக வரும்.

•

கேள்வி: மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் சத்தம் போடும் போர்டு செய்தேன். பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, பஸர் ஒன்று. நன்றாக வேலை செய்தது. தொட்டிக்குள் விட்ட செம்பு ஒயர் சில வாரத்தில் பச்சை பூத்து அறுந்துபோகிறது. ஒயர் மட்டமா?
– மாணவி, மேல்மலையனூர்

பதில்: ஒயர் நன்றாகவே இருக்கிறதம்மா. போர்டு செய்தபோது டப்பாவில் நடந்தது இப்போது உன் தொட்டிக்குள் நடக்கிறது. தண்ணீருக்குள் இரண்டு உலோக முனைகளை விட்டு ஒரே திசையில் மின்சாரம் ஓடவிட்டால், பிளஸ் பக்கத்து முனை கரையும். பாறைப் பகுதி போர்வெல் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். பச்சை பூத்த அந்தச் செம்பு குடிக்கும் தண்ணீரில்தான் கலக்கிறது.

உடனடியாகச் செய்ய வேண்டியது செம்பு ஒயரை வெளியே எடுப்பது. அதன் இடத்தில் எவர்சில்வர் போல்ட் வைத்தால் நீண்ட நாள் வரும். ஒயரைப் போல்ட்டோடு நட்டு போட்டு இறுக்கு, தொட்டிக்குள் காரீயச் சோல்டர் போகக் கூடாது. இதைவிட நல்ல வழி, காந்தம் வைத்த மிதவை ஸ்விட்ச். தண்ணீர் மிதவையைத் தூக்கினால் உள்ளே மூடியிருக்கும் ரீட் ஸ்விட்ச் சேரும், மின்சாரம் தண்ணீரைத் தொடவே தொடாது. உன் போர்டில் ஒரு கோட்டையும் மாற்ற வேண்டியதில்லை, இரண்டு ஒயர் போன இடத்தில் ஸ்விட்ச்சின் இரண்டு ஒயர் வரும்.

•

கேள்வி: மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சும் திரீ பேஸ் மோட்டாரின் ஆட்டோ ஸ்டார்ட்டர் கார்டு எரிந்துவிட்டது. புதுசு வாங்கச் செலவாகிறது. தம்பி மகன் அதைப் பார்த்து அதேபோல வீட்டில் போர்டு போட்டுத் தருகிறேன் என்கிறான். போடலாமா?
– விவசாயி, செஞ்சி வட்டம்

பதில்: வேண்டாம் ஐயா. அந்தக் கார்டில் 400 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் நடுவே பல மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், கரைசல் முழுதாக அரிக்காமல் விட்ட ஒரு மெல்லிய செம்புக் கம்பிகூட நடுவில் இருக்கக் கூடாது. மலிவான பழுப்பு அட்டை ஈரத்தை உறிஞ்சும். மோட்டார் கொட்டகையில் தூசியும் ஈரமும் சேர்ந்து அட்டையின் மேல் மின்சாரம் ஊர்ந்து, ஊர்ந்த வழி கரியாகி, ஒருநாள் தீப்பிடிக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுகிற கை பெரும்பாலும் ஈரக்கை. இதில் மிச்சம் பிடிக்கும் காசுக்கு அந்த ஆபத்து தகாது.

தம்பி மகனின் ஆர்வத்துக்கு வேறு வேலை கொடுங்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் வீட்டுத் திண்ணையில் விளக்கு எரிந்து சொல்லும் 12 வோல்ட் போர்டை அவன் தாராளமாகச் செய்யலாம், மேலே மாணவிக்குச் சொன்ன மிதவை ஸ்விட்ச்சையே தண்ணீர் இறங்கும்போது சேரும்படி வைத்து. மோட்டாரை நிறுத்துவதும் போடுவதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். எரிந்த கார்டுக்குக் கம்பெனிக் கார்டையே வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். மாட்டும் முன் மெயினை நிறுத்திவிட்டு, மூன்று பேஸிலும் மின்சாரம் இல்லையென்று டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.